இலந்தை வடை, பனாட்டு, திராட்சை: வீட்டில் பழம் உலர்த்தியபோது நேர்ந்தவை

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து

போன ஆண்டு தை மாதம் நான் செய்த முதல் ஈடு இலந்தை வடை, சம்படத்தில் போட்ட பன்னிரண்டாம் நாள் பூசணம் பூத்துவிட்டது. மேலே தொட்டால் நன்றாகக் காய்ந்தது போலிருந்த வடையைப் பிட்டுப் பார்த்தபோது நடுவில் ஈரம் அப்படியே இருந்தது. 2 கிலோ பழமும் நான்கு நாள் வெயிலும் வீணானதைவிட, சிறு வயதில் அம்மா செய்யக் கண்டு வளர்ந்த ஒரு வேலை எனக்குக் கைவரவில்லையே என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. அதனால், எங்கே பிழைத்தேன் என்பதையும் பிறகு எப்படித் திருத்திக்கொண்டேன் என்பதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

இலந்தை வடைக்கு உகந்தது கரிசல் காட்டு வரப்புகளில் தானாக முளைத்து நிற்கும் நாட்டு இலந்தையின் பழம்தான். உருண்டையாக, சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக, புளிப்பும் இனிப்பும் லேசான துவர்ப்பும் கலந்திருக்கும் அந்தப் பழத்தில் சதை குறைவு. அந்தச் சதையும் மாவுப் பதமாக இருப்பதால் வெயிலில் விரைவாக இறுகும். கடைகளில் ஆப்பிள் இலந்தை என்று விற்கும் பெரிய பழத்தில் நீர் அதிகம், புளிப்பும் போதாது. அதில் ஒருமுறை செய்து பார்த்தேன். வடையாகத் தட்டவே வரவில்லை.

மார்கழி முதல் மாசி வரை பழம் கிடைக்கும். இலந்தைக்குள் புழு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவகைப் பழ ஈ, காயாக இருக்கும்போதே உள்ளே முட்டையிட்டுவிடுகிறது. ஆகவே பழத்தைச் சுளகில் பரப்பி, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, ஊசித் துளை போலப் புள்ளி விழுந்ததையும் ஒரு பக்கம் கறுத்து மெத்தென்று இருப்பதையும் ஒதுக்குவேன். ஒரு கிலோவுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும் வேலை இது. இதில் அவசரம் காட்டியவர்கள் வடையைத் தின்னும்போது வருந்துவார்கள்.

அளவு எங்கள் வீட்டில் இப்படி: ஒரு கிலோ பழத்துக்கு 200 கிராம் வெல்லம், எட்டு அல்லது பத்து மிளகாய் வற்றல், எலுமிச்சை அளவில் பாதிப் புளி, கல்லுப்பு, ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம். கழுவிய பழத்தை அரை நாள் நிழலில் உலர்த்தி ஈரத்தைப் போக்கிவிட்டு, மிளகாயையும் உப்பையும் பெருங்காயத்தையும் முதலில் உரலில் இடித்துப் பொடியாக்கி, அதன் பிறகு புளியையும் பழத்தையும் போட்டு இடித்து, கடைசியில் வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். உலக்கையை ஓங்கிப் போடாமல், சதை மட்டும் நசுங்கிக் கொட்டை முழுதாக நிற்கும்படி மெல்ல இடிப்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. மிக்ஸியில் கொட்டையோடு போட்டு அரைக்கவே கூடாது. உடைந்த கொட்டைச் சில்லு பல்லையும் ஈறையும் கிழித்துவிடும், குழந்தைகளுக்குத் தொண்டையில் குத்தும். உரல் இல்லாதவர்கள் பழத்தை நசுக்கிக் கொட்டையை நீக்கிவிட்டு அரைத்துக்கொள்ளலாம். வாயில் போட்டுக் கொட்டையைச் சப்பித் துப்பும் இன்பம் அதில் இருக்காது, ஆனாலும் சுவையில் பெரிய குறை இல்லை.

இனி என் பிழைகள். வெல்லத்தை 350 கிராம் வரை கூட்டியது முதற்பிழை. வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். அளவு மீறினால் வடை பகலில் இறுகி இரவில் இளகி, நான்கு நாளானாலும் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். உளுந்த வடை கனத்துக்குத் தட்டியது இரண்டாவது பிழை. வெயில் மேற்புறத்தைச் சட்டென்று உலர்த்தித் தோல் போலக் கட்டிவிட்டது; அந்தத் தோலைத் தாண்டி உள்ளிருந்த நீர் வெளியே வர வழியில்லை. இப்போது விரல் நகத்தின் நீளத்துக்கு மேல் கனம் போகாமல் தட்டுகிறேன். முதல் நாள் பிற்பகலிலேயே ஒருமுறை திருப்பிப் போடுகிறேன்.

மூன்றாவது பிழை, இரவிலும் மாடியிலேயே விட்டது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை வெறும் குளிரைப் பற்றிய பேச்சாக நினைத்திருந்தேன். பகல் முழுவதும் வடை இழந்த ஈரத்தில் ஒரு பங்கை இரவுப் பனி திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மாலை நான்கு மணிக்கே எடுத்து வீட்டுக்குள் வைத்து, மறுநாள் வெயில் ஏறி ஒன்பது மணி ஆன பிறகு விரித்தால் மூன்றரை நாளில் காய்ந்துவிடுகிறது.

இத்தனையும் அறியாமல் பூசணத்தைப் பார்த்துக் கலங்கிப்போய் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “மூடுறதுக்கு என்னம்மா அவசரம்? கண்ணாடிப் பாட்டில்ல போட்டு வச்சு, உள்ள வேர்க்குதான்னு பாரு. வேர்த்தா திரும்ப வெயில்ல போடு” என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், அதுவே போதுமாக இருந்தது.

யாழ்ப்பாணம், வடமராட்சியிலிருந்து

இலந்தையைப் பற்றி வாசித்ததும் எனக்கு, பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டுக்காக அம்மம்மா போட்ட பந்தல் கண்முன் வந்து நின்றது. எங்கள் ஊரில் பழத்தை உலர்த்துவது என்றால் அது பனம்பழத்தைத்தான் குறிக்கும். ஆவணி, புரட்டாதி மாதங்களில் இரவில் பழம் விழும் சத்தம் கேட்டுப் படுத்திருப்போம். விடியற்காலையில் ஆடு மாடு வாய் வைப்பதற்கு முன் கடகத்தோடு போய்ப் பொறுக்கி வருவது பிள்ளைகளின் வேலை.

பழத்தின் கறுத்த தோலை உரித்து, சிறிது தண்ணீர் தெளித்துக் கையால் பிசைந்தால், தும்பிலிருந்து செம்மஞ்சள் நிறக் களி பிரிந்து வரும். அதைத் துணியில் வடித்து, பனையோலைப் பாயில் மெல்லிய படையாக ஊற்றி வெயிலில் காயவிட வேண்டும். நாய், கோழி எட்டாதபடி தடி நட்டு உயர்த்திய பந்தலின் மேல்தான் பாய் கிடக்கும். முதற் படை காய்ந்த பிறகே அதன் மேல் அடுத்த படை. இப்படி நாளுக்கு ஒன்றாக ஊற்றி, இரண்டு கிழமைக்கு மேல் போன பின்னர், பாயிலிருந்து தோலை உரிப்பதுபோல உரித்தெடுத்துத் துண்டு போடுவோம். மேலே எழுதியவர் சொன்ன கனத்தின் சிக்கலுக்கு, படை படையாக ஊற்றும் இந்த முறையே விடை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு படையும் தனியே காய்ந்துவிடுவதால் நடுவில் ஈரம் தங்க இடமில்லை. மீந்த கொட்டைகள் பாத்தியில் கிழங்குக்காகப் போகும்.

நான் தனியாகச் செய்த முதல் ஆண்டில் இரண்டு தவறுகள் நேர்ந்தன. பனங்களியின் காறலும் கைப்பும் மரத்துக்கு மரம் வேறுபடும். அம்மம்மா வளவில் நின்ற ஒவ்வொரு மரத்தின் களியையும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, கைக்கும் மரத்தின் பழத்தைப் பனாட்டுக்குச் சேர்க்கவே மாட்டார். நான் எல்லாவற்றையும் ஒரே பானையில் பிசைந்தேன். ஒரு மரத்தின் கைப்பு ஏழு மரத்தின் இனிப்பைக் கெடுத்துவிட்டது. வெயிலில் காய்ந்தால் கைப்புப் போய்விடும் என்று நம்பினேன், போகவில்லை. நீர் வற்ற வற்ற அது இன்னும் கூர்மையாகவே தெரிந்தது.

அடுத்தது, திடீரென்று மழை இருட்டியபோது பந்தலைப் பிளாஸ்டிக் படங்கால் இறுக மூடிவிட்டது. மழை ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது, நானோ மறுநாள் காலை வரை படங்கை எடுக்கவில்லை. உள்ளே புழுங்கி, மேற்படை நுரைத்துக் கள்ளின் வாடை வந்துவிட்டது. இப்போது மழை வரும்போது பாயோடு தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து, மூடாமல் காற்றாட வைக்கிறேன்.

நன்றாக அமைந்த பனாட்டில் ஒரு பங்கை, மிளகும் சீரகமும் சேர்த்துக் காய்ச்சிய பனம்பாணியில் (பதநீர்ப் பாகில்) ஊறவைத்துப் பாணிப்பனாட்டாகவும் எடுத்து வைப்போம். மாரி காலத்துப் பின்னேரத்தில் தேத்தண்ணியோடு அதில் ஒரு துண்டு கிடைப்பதற்காக, அந்த இரண்டு கிழமை வேலையையும் நான் மனமாரச் செய்வேன்.

சென்னையிலிருந்து

எனக்குப் பாயும் பந்தலும் வாய்க்கவில்லை. அடுக்ககத்தின் நான்காவது மாடியில், கடற்காற்று எந்நேரமும் ஈரத்தைக் கொண்டுவரும் ஒரு சிறு பால்கனிதான் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்த ஆவலில், அதை வாங்கிக் கிஸ்மிஸ் போட முயன்றேன். மூன்றாம் நாளே பழம் புளித்துக் கொசு மொய்த்தது. திராட்சையின் தோல் மேல் மெழுகுப் படலம் ஒன்று இருப்பதால் நீர் எளிதில் வெளியேறாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, அவற்றின் வழியே நீர் வெளியேறுகிறது.

வெயிலை நம்ப முடியாததால் ஓவனில் வைத்தேன். என் ஓவனில் மிகக் குறைந்த சூடே 100 டிகிரி. மேலே கருகி உள்ளே கூழாக நின்றது. பின்னர் உலர்த்தும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, 60 டிகிரியில் ஏறத்தாழ 30 மணி நேரம் வைத்தபோதுதான் பக்குவம் வந்தது. 4 கிலோ பழம் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கியது. கொட்டையுள்ள பழமாகையால் கடிக்கும்போது நெருடும். ஆனால் அந்த மணம் கடைக் கிஸ்மிஸில் நான் அறியாதது. நிறம் கறுத்திருப்பதைப் பார்த்து என் மகள் முதலில் தொட மறுத்தாள். கடையில் பொன்னிறமாக இருப்பது கந்தகப் புகையால் நிறம் காக்கப்பட்ட பழம் என்று விளக்கிச் சொன்ன பிறகு ஒன்றை வாயில் போட்டாள், அடுத்த வாரத்துக்குள் பாதி டப்பா காலி.

பூசணத்தைப் பற்றி முதலில் எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். பாட்டில் வேர்க்கவில்லை என்றால் அப்போதே இறுக மூடிவிடலாமா, எத்தனை நாள் பார்க்க வேண்டும்?

மீண்டும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து

ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள் பாருங்கள். பாட்டிலை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். ஒரே தட்டில் காய்ந்தவற்றிலும் சிலவற்றில் ஈரம் கூடுதலாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கும். பாட்டிலுக்குள் அந்த ஈரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவிச் சமமாகிவிடும். அந்த நாட்களில் கண்ணாடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் படிந்தால் அனைத்தையும் வெளியே எடுத்து இன்னும் ஒரு நாள் உலர்த்த வேண்டும். ஒன்றில் பூசணம் கண்டாலும் அந்தப் பாட்டில் முழுவதையும் கொட்டிவிடுங்கள். நல்லதைப் பொறுக்கி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், நான் அப்படி நினைத்து இரண்டாவது ஈட்டையும் இழந்தேன்.

இன்னொரு சோதனையையும் இந்த ஆண்டு பழகிக்கொண்டேன். நான்கு வடைகளை அடையாளமாக வைத்து, தினமும் மாலையில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் மாலையும் நான்காம் நாள் மாலையும் எடை ஒன்றாகவே இருந்தது. அதற்கு மேல் வெயிலில் விடவில்லை. இலந்தைப் புழுவின் பயம் முழுதும் நீங்காதவர்கள், காய்ந்த பிறகு இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் கண்ணுக்குத் தப்பிய முட்டையும் அழிந்துவிடும்.

வடமராட்சி அக்கா எழுதிய படை முறையை அடுத்த ஈட்டில் செய்து பார்க்கப் போகிறேன். கொட்டை நீக்கிய இலந்தை விழுதைத் தட்டில் மெல்லியதாகத் தடவி, ஒன்று காய்ந்த பின் அதன் மேல் இன்னொன்று என்று மூன்று படை மட்டும் போட எண்ணம். இந்த ஆண்டு வடை ஜன்னலோரம் பாட்டிலில் இருக்கிறது. இன்று ஒன்பதாம் நாள். காலையில் பார்த்தேன், கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரமில்லை.