மாட்டுக்கு மரு வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கட்டுத்தறி (பொள்ளாச்சிப் பக்கம்):
ஜெர்சி கலப்புக் கிடாரி. கழுத்து, தாடை எல்லாம் காலிபிளவர் மாதிரி மரு. குதிரைவால் முடி கட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பெரிதாகத் தொங்கிய ஒன்றுக்குக் கட்டினோம், காய்ந்து விழுந்தது. நான் சொல்ல வந்தது அதுவல்ல. சந்தைக்கு ஓட்டிப் போனேன். வியாபாரி துண்டுக்கு அடியில் என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார், நல்ல விலை. இன்னொரு கை மாட்டின் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தது. மரு தட்டுப்பட்டதும் பிடித்திருந்த விரல்களில் ஒன்றை விட்டுவிட்டார். வாயும் திறக்கவில்லை, முகமும் மாறவில்லை. எனக்குக் கோபம், மாட்டைத் திருப்பி ஓட்டி வந்துவிட்டேன். அடுத்த கோடைக்குள் மீதி மருவெல்லாம் தானாகவே உதிர்ந்துவிட்டது.

செங்காட்டான்:
குதிரைமுடியால் விழுந்தது என்று எழுதாதீர்கள், படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். மீதி கட்டாமலே போனது என்று நீங்களே சொல்கிறீர்கள். இது வைரஸ். இளமாட்டுக்கு உடம்பில் எதிர்ப்பு வந்ததும் உதிர்ந்துவிடும், சிலதுக்குச் சில மாதம், சிலதுக்கு ஒரு வருஷம். அந்த நேரத்தில் எதைத் தடவினாலும் அதற்குத்தான் பேர்! அம்மான் பச்சரிசிச் செடியின் பால், துஜா என்கிற ஹோமியோபதி சொட்டு எல்லாம் இந்தக் கணக்குதான்.

பால்காரம்மா (திருவண்ணாமலை):
தானாக உதிரும் என்று உட்கார்ந்திருக்க முடியுமா அண்ணா? எங்கள் மாட்டுக்குக் காம்பு நுனியிலேயே வந்தது. பீச்சினால் பால் குவளைக்குள் போகாமல் பக்கவாட்டில் என் முழங்கையில் அடிக்கும், மாடு வலியில் காலைத் தூக்கும். மாமியார் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைக்கச் சொன்னார், நான் விடவில்லை, காம்பு வெந்து போகும். டாக்டர் ஆன்டிமனி ஊசியை இடைவெளி விட்டுச் சில தடவை சதையில் ஆழமாகப் போட்டார். மரு சுருங்கியது. ஆனால் ஊசி போட்ட தொடை வீங்கி மாடு நொண்டியதே, அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓய்வு வாத்தியார்:
எங்களிடம் ஒரு கன்றுக்கு வந்தது, போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மரு உள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள், கறந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அதன் மூக்கணாங்கயிற்றை வேறு மாட்டுக்குப் போடாதீர்கள். காது குத்தும் கருவியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். முள்கம்பியில் உரசிக் கீறின இடத்திலும் ஏறும். கறக்கும்போது மருவைக் கிள்ளாதீர்கள், ரத்தம் வந்தால் மடிவீக்கம் வரை போகும். அப்புறம், அது மருதானா என்று முதலில் பாருங்கள். 2020-ல் தோல் கழலை நோய் நம் பக்கம் வந்தபோது பலர் மரு என்றே நினைத்தார்கள். மரு தோலுக்கு மேலே சொரசொரப்பாக நிற்கும். கழலை நோய் காய்ச்சலோடு வரும், தோலுக்குள் உருண்டையாகப் பதிந்திருக்கும், மாடு தீனி எடுக்காது. அப்படியென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடியுங்கள். முடி தேடிக் குதிரை வண்டிக்காரரிடம் ஓடாதீர்கள்.

பால்காரம்மா:
எல்லாம் சரிங்க வாத்தியார் ஐயா. என்னிடம் இருப்பதே ஒரு கறவை மாடு. எதை முதலில் கறப்பது, எதைக் கடைசியில் கறப்பது?