முக்கூடலிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்

பயணத்தில் பட்ட பாட்டைச் சொல்லச் சொன்னால், எனக்கு நினைவுக்கு வருவது என் பயணம் இல்லை, எங்கள் தெரு ஆச்சியுடையது. திருநெல்வேலி பக்கம் முக்கூடலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பதைவிட அடுத்தவர் போனை வாங்கி ஏதாவது அழுத்திக் கொடுப்பதுதான் இப்போது பாதி வேலை.

2025 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் ஆச்சி மஞ்சப் பையோடு வந்தார். வயது 63. இன்றைக்கும் பீடி சுற்றுகிறார். "தாயி, மவளைச் சென்னையில ஆஸ்பத்திரியில சேத்துட்டாவளாம். தலைப்பிரசவம். எனக்கு ஒரு டிக்கெட் போட்டுத் தா." அன்று காலை திருநெல்வேலி ஜங்ஷன் கவுன்டருக்கே போய் வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நாலு பேர்தான். அவர் முறை வருவதற்குள் தட்கல், அதாவது கடைசி நேர அவசர டிக்கெட், தீர்ந்துவிட்டது.

மகன் சவூதிக்குப் போகும் முன் ஆச்சி பேரிலேயே ரயில் டிக்கெட் கணக்கு ஒன்று திறந்து வைத்திருந்தான். ஆனால் 2025 ஜூலையிலிருந்து ஆதாரைச் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். அதற்கு ஓடிபி வேண்டும். ஆச்சியின் ஆதாரில் இருப்பது மகனுடைய பழைய நம்பர். அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துவிட்டது. ஆச்சி கையில் ஆதார் அட்டை இருக்கிறது, பெயர் சரி, முகமும் அவருடையதுதான். ஆனாலும் அவர் யார் என்று சொல்லவேண்டிய ஆறு எண்கள் யாரிடமும் இல்லாத போனுக்குப் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் என் கணக்கிலேயே முயன்றேன். (காசு வாங்கிக்கொண்டு சொந்தக் கணக்கில் அடுத்தவருக்கு டிக்கெட் போடுவது குற்றம். நான் வாங்குவதும் இல்லை.) பத்தே முக்காலுக்கே ஆச்சி ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஏசி இல்லாத வகுப்புக்குத் தட்கல் 11 மணிக்குத் திறக்கும். பெயர், வயது எல்லாம் முன்னாடியே அடித்து வைத்திருந்தேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பணம் கட்டும் பக்கம் வந்தபோது வெயிட்டிங் லிஸ்ட் 38. ஆன்லைன் டிக்கெட் முழுசும் வெயிட்டிங்கிலேயே நின்றால், சார்ட், அதாவது பயணிகள் பட்டியல், போட்டதும் தானாக ரத்தாகிவிடும். அதை ஆச்சியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு ரயில் பார்க்கலாம் என்றால், வந்தே பாரத் காலையில் திருநெல்வேலியிலிருந்து கிளம்பும் நேரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து போய்ச் சேர ஆட்டோதான் பிடிக்க வேண்டும். அந்த ரயில் கட்டணமும் ஆட்டோக் கூலியும் சேர்ந்தால் ஆச்சிக்கு எத்தனை நாள் பீடிக் கூலி! 58 வயதான பெண்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணச் சலுகை முன்பு இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், அதோடு போனதுதான்.

கடைசியில் நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினார். கக்கூஸ் பக்கம் பையை மடியில் வைத்துக்கொண்டு, விடிய விடிய. அவர் போய்ச் சேரும் முன்பே பேத்தி பிறந்துவிட்டாள். அந்த நேரம் மகள் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற வருத்தம் ஆச்சிக்கு இன்னும் இருக்கிறது, எனக்கும்தான்.

டவுன் பஸ்ஸை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆச்சி மாதிரி பீடி சுற்றும் பெண்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கும் அம்பைக்கும் (அம்பாசமுத்திரம்) நினைத்த நேரத்தில் போய் வருவது அதற்கு அப்புறம்தான். கூட்டமாகப் பெண்களைக் கண்டால் தள்ளிப் போய் நிறுத்துகிறவர்களும் உண்டு. நானே ஓடி ஏறியிருக்கிறேன். ஆனால் அந்த பஸ் யாரிடமும் போன் கேட்பதில்லை, கணக்கு கேட்பதில்லை. நிறுத்தத்தில் நின்றால் போதும், கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

சென்னையிலிருந்து திரும்பிய ஆச்சியை அந்த பஸ்ஸிலேயே அம்பைக்குக் கூட்டிப்போனேன், ஆதாரில் நம்பரை மாற்ற. மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. துடைத்து வைத்தார், எடுக்கவில்லை. அடுத்த விரல், அதுவும் இல்லை. நான் அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். நாற்பது வருஷமாக இலையை மடக்கி உருட்டிய விரல்கள். கட்டைவிரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, ஒரு ரேகை இல்லை. "தேஞ்சு போச்சு தாயி" என்று ஆச்சி கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார், ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

அப்புறம் கண்ணை வைத்து எடுத்தார்கள். எடுத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார், "இனிமே அந்த நம்பர் எனக்கே வந்துருமா?" வரும் என்றேன். அவரிடம் இருப்பது பட்டன் போன், மெசேஜைத் திறக்கத் தெரியாது. ஊர் வந்து சேரும்வரை அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தேன்.