குண்டுகுழி ரோடு, 20 கொண்டை ஊசி வளைவு: அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துவரும் செடான் எது?

கோரிமேட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருடமாக ஓட்டும் சின்ன ஹேட்ச்பேக்கை மாற்றப் போகிறேன். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 20 லட்சத்துக்குள் முடிய வேண்டும். தமிழ்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை உள்ள காருக்குச் சாலை வரியே 18 சதவீதம். அதனால் ஷோரூம் விலை 16 லட்சத்துக்கு மேல் போனால் என்னால் முடியாது.

சேலத்தில் வீடு கோரிமேடு, வேலை ஐந்து ரோடு பக்கம். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்கள், பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள், இதுதான் தினசரி ஓட்டம். வாரம் ஒரு முறையாவது ஏற்காடு ஏறுவேன். நாகலூர் பக்கம் அண்ணனுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. அம்மா அவரோடு இருக்கிறார். வயது 68, முதுகில் டிஸ்க் பிரச்சினை. பத்து நாளுக்கு ஒரு முறை பிசியோதெரபிக்கு நான்தான் கீழே அழைத்து வருகிறேன். வீட்டுக்குப் போகும் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் ஜல்லி பெயர்ந்த பாதை. ஒவ்வொரு குழிக்கும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முன் சீட்டைப் பிடிப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவது பெரிய வேதனை.

அண்ணனிடம் உயரமான எஸ்யூவி இருக்கிறது. அதில் குழி அவ்வளவாகத் தெரியாது, உண்மைதான். ஆனால் மலை இறங்கும்போது ஏழெட்டு வளைவு முடிவதற்குள் அம்மா எலுமிச்சம்பழம் கேட்பார். அப்புறம் கவர் கேட்பார்.

இன்னொன்று, எனக்குக் கார் ஓட்டுவது ரொம்பப் பிடிக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு, முதல் பஸ்களுக்கு முன்னால் அடிவாரத்தைத் தாண்டி மேலே ஏறும் அந்த முக்கால் மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஹூண்டாய் வெர்னா டர்போ, ஹோண்டா சிட்டி, இந்த நாலும் மனதில் இருக்கின்றன. மெத்தென்று போகும் கார் வளைவில் ஆடும், வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் கார் குழியில் குத்தும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காதா? மலையில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை:

நான் 2021 சிட்டி வைத்திருக்கிறேன். பின் சீட்டு சோபா மாதிரி, அம்மாவுக்குச் சுகமாக இருக்கும். எஞ்சினும் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் எஞ்சின் பலம் 121 பிஎஸ், டர்போ கிடையாது, முறுக்குவிசை 145 என்எம்தான். நாலு பேரோடு மலை ஏறும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்க வேண்டியிருக்கிறது. ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வேன். உங்கள் ஐந்தரை மணிக்கு அது பத்தாது.

தொப்பூர் கணவாய்:

இதே காசுக்குப் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் பாருங்கள் நண்பா. ஓட்டுகிற சுகமே வேறு.

மஞ்சக்குட்டை மிளகு:

வணக்கம் தம்பி. நான் மஞ்சக்குட்டை. மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் வேலை என்பதால் வாரத்தில் மூன்று நாள் சேலம் இறங்கி ஏறுகிறேன். 2023 கடைசியில் விர்ட்டஸ் 1.5 லிட்டர் டர்போ, மேனுவல் கியர், எடுத்தேன். 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதற்கு முன்னால் எட்டு வருடம் உயரமான வண்டிதான். என் வீட்டுக்காரிக்கும் மலையில் தலை சுற்றும். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மலைப்பாதையில் குமட்டுவதற்கு வேகத்தைக் குறை சொல்வார்கள். நான் கவனித்த வரையில், வண்டி ஊசலாடுவதுதான் பெரிய காரணம். வளைவில் ஒரு பக்கம் சாய்கிறது, மெதுவாக நிமிர்கிறது, முழுக்க நிமிர்வதற்குள் அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் சாய்த்துவிடுகிறது. பின் சீட்டில் இருப்பவரின் கண் முன் சீட்டின் முதுகைத்தான் பார்க்கிறது, அது அசையவில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ ஆடுகிறோம் என்கிறது. இரண்டும் முரண்பட்டால் வாந்திதான். உயரமான வண்டியில் அந்த ஆட்டம் கூடுதல். ஓட்டுகிற நமக்குப் பிடித்தது என்ன? ஸ்டியரிங்கைத் திருப்பியதும் ஒரே அசைவில் சாய்ந்து, வளைவு முடியும் வரை அப்படியே நிற்கிற வண்டி. ஆக மலையில் அம்மாவுக்கு வேண்டியதும் உங்களுக்கு வேண்டியதும் ஒன்றுதான். செடான் என்று நீங்கள் முடிவெடுத்தது சரி.

குழியின் கணக்கு வேறு. கிரவுண்ட் கிளியரன்ஸ் விர்ட்டஸிலும் ஸ்லாவியாவிலும் 179 மி.மீ., சிட்டியில் 165. அந்த எண் அடி தட்டுமா என்பதைத்தான் சொல்லும். முதுகில் குத்துமா என்று தெரிய டயரைப் பாருங்கள். 205/55 ஆர்16 என்றால் டயரின் பக்கச்சுவர் 205இல் 55 சதவீதம், அதாவது 113 மி.மீ. குழியின் விளிம்பை முதலில் வாங்கிக்கொள்வது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். அழகாக இருக்கிறது என்று 17 அங்குல அலாய் மாட்டி 215/45 போட்டால் அது 97 ஆகிவிடும். பழைய பிஎம்டபிள்யூவை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். பெரிய சக்கரம், பஞ்சரானாலும் ஓடுவதற்காகக் கெட்டியான சுவர் வைத்த ரன்ஃபிளாட் டயர். நெடுஞ்சாலையில் அருமையான வண்டி. உங்கள் அண்ணன் வீட்டுப் பாதையில் அம்மாவால் தாங்க முடியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். போன ஐப்பசியில் குப்பனூர் வழியாக இறங்கினேன். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும், ரோட்டில் சின்னதாகத் தண்ணீர் தேங்கி நின்றது. சும்மா தேங்கல் என்று நினைத்து விட்டேன். உள்ளே விளிம்பு உடைந்த பள்ளம். 'டம்' என்று ஒரே சத்தம். இறங்கிப் பார்த்தால் முன் இடது டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டியது போலப் புடைப்பு. தொட்டால் மெத்தென்று அமுங்குகிறது, உள்ளே நூல் அறுந்துவிட்டது. வீட்டுக்காரி போன் வெளிச்சம் காட்ட, சில்வர் ஓக் மரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் நனைந்துகொண்டே ஸ்டெப்னி மாற்றினேன். மாதா மாதம் பார்க்கும் காற்றை நான் அந்த மாதம் பார்க்கவில்லை. நாலு பவுண்டு குறைவாக இருந்திருக்கிறது. தண்ணீர் நின்றால் அது குழிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு வருகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி குறையக் குறைய டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் பலம் இழக்கும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அம்மாப்பேட்டைக்காரர் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். விர்ட்டஸ், ஸ்லாவியா இரண்டுக்கும் எஞ்சினும் அடித்தளமும் ஒன்றுதான்: 1.0 டர்போ 115 பிஎஸ், 178 என்எம். 1.5 டர்போ 150 பிஎஸ், 250 என்எம். கொண்டை ஊசியின் உள்பக்கம் வேகம் 12, 15க்கு இறங்கிவிடும். அந்த நேரம் இரண்டாவது கியரில் 1.5 முனகாமல் இழுத்துக்கொண்டு போகும். சின்ன டர்போ 1,700 ஆர்பிஎம்முக்குக் கீழே கொஞ்சம் யோசிக்கும், முதல் கியருக்கு இறங்கத் தயங்கக் கூடாது. அந்த ஒரு நொடித் தயக்கத்தில் வண்டி குலுங்கினால் பின்னால் இருப்பவருக்குத்தான் கஷ்டம்.

வெர்னா டர்போ 160 பிஎஸ், 253 என்எம். பெங்களூரு ரோட்டில் சந்தோஷமாக ஓட்டலாம். ஆனால் கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது, டிஸ்க் வலியோடு குனிந்து ஏறுவது சிரமம். விர்ட்டஸ், ஸ்லாவியா, வெர்னா மூன்றுமே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை, அதில் கவலை இல்லை.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஷோரூமில் நாலு ரோடு சுற்றிக் காட்டுவதோடு விடாதீர்கள். உங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை அவர்களிடமே கொடுத்துவிட்டு நீங்கள் அம்மா உட்காரும் இடத்தில் உட்காருங்கள்.

டயர்க்கடை 22 வருஷம்:

மிளகு அண்ணா சொன்ன டயர் கணக்கு சரி. நான் ஓமலூர் ரோட்டில் கடை வைத்திருக்கிறேன், மழைக்காலத்தில் வாரத்துக்கு நாலைந்து புடைப்பு டயர் வரும். ஸ்லாவியா, விர்ட்டஸ்காரர்கள் பலர் 205/60 ஆர்16 மாற்றிக்கொள்கிறார்கள். சுவர் 10 மி.மீ. கூடும், வண்டியும் 10 மி.மீ. உயரும். டயரின் சுற்றளவு மூன்று சதவீதம் கூடுவதால் மீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 62 அளவில் இருக்கும், பிக்கப் ஒரு நூல் குறையும். மாற்றுவதற்கு முன்னால் வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். புது டயர் தேயும் வரை ஓட்டிவிட்டு மாற்றினால் காசு வீணாகாது.

அப்புறம் காற்று. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைப் போடுங்கள். மெத்தென்று இருக்கட்டும் என்று குறைத்தால் குழியில் ரிம்மும் ரோடும் டயரை நடுவில் வைத்து நசுக்கிவிடும். கூட்டினால் முதுகில் ஏறும். மலை இறங்கிய சூட்டோடு காற்றுப் பார்க்காதீர்கள், காலையில் குளிர்ந்த டயரில் பாருங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வீல் அலைன்மென்ட் செய்யும்போது சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் ரெண்டையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ரோட்டில் முதலில் போவது அதுதான். 'டக் டக்' என்று சத்தம் வந்த பிறகு வருகிறவர்கள்தான் அதிகம்.

கோரிமேட்டுக்காரன்:

மிளகு அண்ணா, டயர்க்கடை அண்ணா, ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். என் மனைவியும் ஓட்டுவார், அவருக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். சனிக்கிழமை மலையில் வண்டி வரிசை நின்று நின்று நகருமே, அப்போது விர்ட்டஸ் 1.5இல் வரும் டிஎஸ்ஜி, அந்த இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், தாங்குமா?

மஞ்சக்குட்டை மிளகு:

நல்ல கேள்வி தம்பி. 1.5இல் வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி, எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். கியர் மாறுவது மின்னல் மாதிரி இருக்கும், திறந்த ரோட்டில் எனக்கே ஆசை வரும். ஆனால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் உரசிச் சூடாகும். முன் வண்டிக்கு இரண்டு கார் இடைவெளி விட்டு, பிரேக்கில் நின்று, ஒரே மூச்சில் நகர வேண்டும். வெர்னா டர்போவில் வரும் டிசிடியும் இதே ரகம்தான். 1.0இல் வருவது டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். அது எண்ணெய் வழியாக விசையைக் கடத்துகிறது, ஊர்ந்து போவது அதன் இயல்பு. டர்போ தயக்கத்தையும் ஓரளவு மூடிவிடும். விலையும் உங்கள் கணக்குக்குள் வரும்.

115 பிஎஸ் பத்துமா என்று யோசிக்காதீர்கள். நம் மலையில் 40ஐத் தாண்ட இடமே இல்லை. இறங்கும்போது மட்டும் கியரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ வையுங்கள். எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் மிதி குறையும், அம்மாவின் தலை முன்னும் பின்னும் ஆடாது. ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவதைச் சட்டமே சொல்கிறது, மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.

கோரிமேட்டுக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வெர்னா, விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஜி, ஸ்லாவியா 1.0 ஆட்டோமேட்டிக், மூன்றையும் எங்கள் தெருவுக்கே வரவழைத்து மனைவியோடு ஓட்டிப் பார்த்தேன். மூன்றிலும் பின்னால் இடது பக்கம், அம்மாவின் இடத்தில், நானும் உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் தோண்டி மூடிய அந்த நீளப் பள்ளத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஸ்லாவியா 'தொம்' என்று ஒரு முறை இறங்கி ஏறி அதோடு நின்றது, இன்னொரு ஆட்டம் வரவில்லை. விர்ட்டஸ் 1.5 ஓட்ட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அடிவாரத்திலிருந்து ஐந்தாவது வளைவு வரை ஏற்றிக் காட்டினார்கள், இறங்க மனசே இல்லை. ஆனால் விலை எட்டவில்லை.

கடைசியில் அம்மாவையே ஸ்லாவியாவில் உட்காரவைத்துப் பார்த்தேன். சீட்டு தாழ்வாக இருப்பதால் இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு அங்குலம் கெட்டியான குஷன் ஒன்று போட்டதும் தானாகவே காலை வெளியே வைத்து எழுந்தார். ஸ்லாவியாவுக்கே முன்தொகை கட்டிவிட்டேன். டயர்க்கடை அண்ணா, வண்டி வந்ததும் முதல் அலைன்மென்ட்டுக்கு உங்களிடம்தான் கொண்டுவருவேன், கடை ஞாயிறு இருக்குமா?

டயர்க்கடை 22 வருஷம்:

ஞாயிறு மதியம் ஒரு மணி வரை இருப்பேன் தம்பி. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள்.