ஆச்சி வீட்டுக் குழுவில் ஒரு ஜாம்பிக் கதை

சனிக்கிழமை, இரவு 8:12

தமிழினி: எல்லாருக்கும் ஒரு கேள்வி. கல்லூரி மலருக்குக் கதை எழுதுகிறேன். தூத்துக்குடியில் ஜாம்பி பரவுகிறது. ஒரு குடும்பம் சூப்பர் மார்க்கெட்டுக்குள் புகுந்து ஷட்டரை இறக்கிக்கொள்கிறது. உள்ளே ஒரு மாதத்துக்குச் சாப்பாடு இருக்கிறது. யார் வந்து தட்டினாலும் திறப்பதில்லை. செல்வம் மாமா, சரியாக வருமா?

கவிதா சித்தி: செல்வம் அண்ணனிடம் கேட்டது சரிதான். 2023 வெள்ளத்தில் தன் கடைக்குள்ளேயே இரண்டு ராத்திரி இருந்தார்கள்.

செல்வம் மாமா: இப்போதுதான் கணக்கு முடித்து உட்கார்ந்தேன். தமிழு, ஒரு மாதம் என்று எழுதாதே. ரேக்கைப் பார்த்தால் மலை மாதிரி இருக்கும். அதில் பாதி அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய். அடுப்பு எரியாவிட்டால் இருபத்தைந்து கிலோ மூட்டை தலைக்கு வைத்துப் படுக்கத்தான் ஆகும்.

தமிழினி: கரி அடுப்பு விற்பீர்களே மாமா?

கார்த்தி அண்ணன்: ஷட்டர் இறக்கின இடத்தில் கரி மூட்டவே கூடாது. ஜெனரேட்டரும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே வராது. தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்கள். இதைக் கட்டாயம் கதையில் வை.

செல்வம் மாமா: கார்த்தி சொல்வது சரி. நாங்கள் கடைசிவரை நெருப்பே மூட்டவில்லை.

அன்றைக்கு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. கடையில் 23 பேர் மாட்டிக்கொண்டோம். கரண்ட் போனதும் எல்லாரும் பிஸ்கட் ரேக்குக்குத்தான் ஓடினார்கள். நான் தொட விடவில்லை. பிஸ்கட் கெட்டுப்போகாது. மூடியே வைத்தாலும் பிரிட்ஜில் இருப்பது நாலு மணி நேரம்தான் தாங்கும். அதனால் முதலில் பால், தயிர், பன்னீர். பிறகு பிரட், வாழைப்பழம். டீப் பிரீசர் நிறைய இருந்து திறக்காமலும் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஆளாளுக்குத் திறந்து பார்க்கிறார்கள் என்று பேக்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டேன்.

மறுநாள் முழுக்க அவல்தான். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, வெல்லம் தட்டிப் போட்டு, பொட்டுக்கடலை கலந்து, பேப்பர் தட்டில் ஆளுக்கு இரண்டு கை. அவல் இருக்கிற ரேக்கை இப்போதும் நான் காலியாக விடுவதில்லை.

தமிழினி: எழுதிக்கொள்கிறேன் மாமா. தண்ணீர்?

செல்வம் மாமா: குடிக்க, வாய் கொப்பளிக்க என்று ஆளுக்கு நாலு லிட்டர் வைத்தால் 23 பேருக்கு நாளைக்கு ஐந்து கேன். எங்களிடம் ஒன்பது கேன் இருந்தது, அதுபோகப் பாட்டில்கள். அதைவிடப் பெரிய பாடு கக்கூஸ். பின்பக்கம் ஒன்றே ஒன்று. அதுவும் சாக்கடை எதிர்த்து மேலே வந்துவிட்டது. பெயிண்ட் வாளிக்குள் குப்பைப் பை போட்டு, ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் பவுடர் தூவினோம். ஒரு வயசான அம்மா காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தாகம் இல்லை என்றே சொன்னார்கள். விற்பனைக்கு இருந்த பெட்ஷீட்டைப் பிரித்து இரண்டு ரேக்குக்கு நடுவே கட்டி மறைப்பு செய்து கொடுத்த பிறகு ஒரு பாட்டிலையும் மூச்சு விடாமல் குடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கார்த்தி அண்ணன்: இன்சுலினுக்காக மாமா எனக்குப் போன் பண்ணியதையும் சேர்.

செல்வம் மாமா: ஆமாம். ஒருவர் பையில் இன்சுலின் பேனா இருந்தது. கெட்டுவிடும் என்று பயந்து ஐஸ் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

கார்த்தி அண்ணன்: உறைந்த இன்சுலின் வீண். பயன்பாட்டில் இருக்கும் பேனா, 30 டிகிரிக்குள் இருந்தால், பெரும்பாலும் நாலு வாரம் வெளியிலேயே தாங்கும். அதைச் சொல்லி முடிக்கவும் டவர் போகவும் சரியாக இருந்தது.

இன்னொன்று தமிழு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2011 மே மாதம் ஜாம்பி வந்தால் எப்படித் தயாராக இருப்பது என்று எழுதியது. அலி கான் என்ற மருத்துவர் எழுதினார். படிக்க வந்த கூட்டத்தில் அந்தத் தளமே முடங்கியது. அதில் இருப்பதெல்லாம் தண்ணீர், மருந்து, பேட்டரி ரேடியோ, சான்றிதழ் நகல்தான். வெள்ளத்துக்குச் சொல்வதும் அதுவே.

தமிழினி: சரி, கதவு? திறந்தால், ஜாம்பியிடம் கடிபட்டு ஜாம்பி ஆகப்போகிறவனும் உள்ளே வந்துவிடுவானே?

செல்வம் மாமா: இதைத்தான் சொல்ல நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி ஷட்டரைத் தட்டினார்கள். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கடை நாலு படி உயரம். திறக்காதீர்கள், இருக்கிற சாப்பாடு நமக்கே பற்றாது என்று உள்ளே ஒருவர் சத்தம் போட்டார். நான் பாதி தூக்கினேன். புருஷன், பொண்டாட்டி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கைக்குழந்தை. சத்தம் போட்ட அதே ஆள்தான் முதலில் குனிந்து குழந்தையை வாங்கினார். துண்டு ரேக்கிலிருந்து புதுத் துண்டை உருவித் துடைத்தார்.

கடிபட்டவன் வந்தால் குடோனில் தனியாக உட்கார வை. அவலும் தண்ணீரும் கொடு. திறக்கவே இல்லை என்று மட்டும் எழுதாதே பிள்ளே.

ஆச்சி (குரல் பதிவு): அந்த வெள்ளத்தில்தானே ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் நின்றுபோனது. எண்ணூறு பேர் என்றார்கள். புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் கேட்கிறேன், இந்த ஜாம்பி யார்? பேயா?

கவிதா சித்தி: அம்மா, அது ஹைட்டி நாட்டுக் கதை. அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1791-இல் எழுந்து போராடி 1804-இல் விடுதலை அடைந்தார்கள். அவர்கள் கதையில் செத்தவனை மந்திரத்தால் எழுப்பி மறுபடியும் வேலை வாங்குவார்கள், அவன்தான் ஜாம்பி. அவன் யாரையும் கடிக்க மாட்டான். செத்த பிறகும் வேலை ஓயாது என்பதுதான் அந்தக் கதையின் பயம். அவனுக்கு உப்பில்லாத சோறுதான் போடுவார்கள். ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால் நினைவு வந்து, எஜமானை விட்டுத் தன் குழிக்கே நடந்து போய்விடுவானாம்.

தமிழினி: உப்பா? சித்தி, கதை நடக்கிறதே தூத்துக்குடியில்!

ஆச்சி (குரல் பதிவு): உன் தாத்தா முப்பது வருஷம் உப்பளத்தில் நின்றவர். பாளம் பாளமாய் வெடித்த கால். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுவேன். தூக்கத்திலும் வாருகிற மாதிரியே கை அசையும்.

தமிழினி: ஆச்சி, இதை எனக்கு நீங்கள் சொன்னதே இல்லை. நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன். முதலிலிருந்து சொல்லுங்கள்.

மாமா, கடையில் உப்பு எங்கே இருக்கும்?

செல்வம் மாமா: எப்போதும் அடித்தட்டில். கனம் அதிகம், விலை குறைவு. மேலே அடுக்கினால் ரேக் வளைந்துவிடும். இருட்டில் எடுக்க வேண்டுமென்றால் முழங்கால் போட்டுத் தரையைத் தடவிக்கொண்டே போக வேண்டும். பாக்கெட்டில் ஈரம் பிசுபிசுக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.