'உன்னை நம்புகிறேன்' லத்தீனில் ஏன் 'உனக்கு' ஆகிறது?

கேள்வி

வணக்கம். நான்கு மாதமாகத் தனியாக லத்தீன் படிக்கிறேன். 'புவெல்லாய் ரொசம் தோ', சிறுமிக்கு ரோஜா கொடுக்கிறேன். இதுவரை சிக்கல் இல்லை, நம் 'கு' உருபு மாதிரியேதான். நேற்றுப் பயிற்சியில் 'உன்னை நம்புகிறேன்' என்பதற்கு 'தே க்ரேதோ' என்று எழுதினேன். விடையில் 'திபி க்ரேதோ' என்று இருக்கிறது. தே என்றால் உன்னை, திபி என்றால் உனக்கு. 'உனக்கு நம்புகிறேன்' என்று எப்படி வரும்? சரி என்று, 'உனக்கு உதவுகிறேன்' என்பதற்கு 'திபி யுவோ' என்று போட்டேன். அதுவும் தப்பு, 'தே யுவோ'வாம்! மனப்பாடம்தான் வழியா?

பதில் 1

க்ரேதோவுக்குக் காரணம் இருக்கிறது. அந்த வினைக்குக் கடன் கொடுப்பது, ஒப்படைப்பது என்ற பொருளும் உண்டு. ஒருவருக்குக் கொடுக்கிறோம், அதனால் 'கு'. நாம் சொல்லும் 'சிரத்தை' வடமொழி 'ஸ்ரத்தா'விலிருந்து வந்தது. க்ரேதோவும் அதுவும் ஒரே வேர். ரிக் வேதத்தில் இந்திரனை நம்பச் சொல்லும் இடத்தில் 'ஸ்ரத் அஸ்மை தத்த' என்று வருகிறது. அஸ்மை என்றால் 'அவனுக்கு'. எனக்கு இதைப் படித்த நாளில் தூக்கமே வரவில்லை.

மற்றவை பெரும்பாலும் தமிழோடு ஒத்துப்போகும்: கீழ்ப்படி, கட்டளையிடு, தீங்கு செய், எல்லாமே 'உனக்கு'த்தான். யுவோவை மட்டும் 'உன்னைத் தாங்குகிறேன்' என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

நம்மை உண்மையில் கவிழ்ப்பது வேறு இடம். 'ரோமுக்குப் போகிறேன்' என்பதற்கு நான் 'ரோமாய்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அது 'ரோமில்' என்றாகிவிடும். போகும் ஊருக்கு இரண்டாம் வேற்றுமைதான் வரும்: 'ரோமம் எயோ'. 'எனக்குப் பசிக்கிறது' என்பதிலும் மிஹி (எனக்கு) வராது, வெறும் 'ஏசுரியோ'.

ஆனால் 'எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான்' என்பது அச்சு அசலாக 'மிஹி ஃப்ராதெர் எஸ்த்'. அப்புறம் 'இரட்டை நான்காம் வேற்றுமை' என்று பயமுறுத்துவார்கள். 'மிஹி அவுக்ஸிலியோ வேனித்': எனக்கு உதவிக்கு வந்தான். இரண்டு 'கு', அவ்வளவுதான். இரண்டாவது 'கு' நோக்கம். நன்னூல் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் 'பொருட்டு' என்பது இதுதான். அதே பட்டியலில் உள்ள 'பகை'யும் லத்தீனில் உண்டு: 'இனிமீகுஸ் மிஹி', எனக்குப் பகைவன்.

கேட்டவர்

இரண்டு 'கு' விஷயம் உடனே பிடிபட்டது. 'மிஹி அவுக்ஸிலியோ வேனிஸ்திஸ்', எனக்கு உதவிக்கு வந்தீர்கள். சரியா?

பதில் 2

சரி. பன்மை விகுதியும் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.