1.022-இல் நின்றுவிட்ட பீர்: இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடலாமா?

நிலக்கீழ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்ராறியோவில் வசிக்கிறேன். வீட்டுத் தேவைக்கு பீர் காய்ச்சத் தொடங்கி ஓராண்டாகிறது. இது என் ஏழாவது காய்ச்சல்; அந்தச் சொல்லின் மற்றப் பொருளும் இம்முறை பொருந்திவிட்டது.

இங்கிலாந்துப் பாணியில் சற்று வலுவான பிட்டர் என்னும் பீர் வகை, 20 லிட்டர். வெளிர் மால்ட்டுடன் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சிறிதளவு கிறிஸ்டல் மால்ட் சேர்த்து, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். தொடக்க ஒப்படர்த்தி (நீரை 1.000 என்று கொண்டால் திரவத்தின் அடர்த்தி; சர்க்கரை தீரத் தீர இறங்கும்) 1.052. உலர்ந்த ஆங்கில ஏல் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒன்றைத் தூவினேன். மறுநாளே ஏர்லாக் (வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பு) விடாமல் குமிழியிட்டது. ஐந்தாம் நாள் அடங்கிவிட்டது. பத்தாம் நாள் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.022 காட்டியது, பதின்மூன்றாம் நாளும் அதே 1.022. நான் எதிர்பார்த்தது 1.013 அளவு. வாளி நிலக்கீழ் அறையின் சிமெந்துத் தரையில் இருக்கிறது. பெப்ரவரி மாதம் என்பதால் அறை வெப்பநிலை 14 டிகிரிதான்.

இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் தூவலாமா, கொஞ்சம் சீனி சேர்த்து அதை உசுப்பலாமா, அல்லது இது போதுமென்று போத்தலில் அடைத்துவிடலாமா? போத்தல்களைக் கழுவித் தயாராக வைத்திருக்கிறேன்.

பழம்பீப்பாய்:

போத்தல்களை இப்போதைக்கு எடுத்துவைத்துவிடுங்கள். மற்ற இரண்டு யோசனைகள் பலனளிக்காமல் போகலாம், இதுவோ ஆபத்தானது. மீதமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் போத்தலுக்குள் தின்னத் தொடங்கினால், ஒப்படர்த்தி ஒரு புள்ளி (அதாவது 0.001) குறையும்போதெல்லாம் பீரின் கன அளவில் ஏறத்தாழ பாதியளவு கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். உங்கள் கணக்கில் ஒன்பது புள்ளிகள் மீதமிருக்கின்றன. அதற்கு மேல், போத்தலில் வாயு உண்டாக நீங்கள் சேர்க்கப்போகும் சீனியும் இருக்கிறது. சாதாரண பீர்ப் போத்தல் அந்த அழுத்தத்தைத் தாங்காது, வெடிக்கும்.

அடுத்து, நின்றுவிட்டது என்ற முடிவே சரியா என்று பாருங்கள். ஏர்லாக்கை நம்பாமல் ஹைட்ரோமீட்டரை நம்பியது நல்லது, ஏனெனில் மூடி சரியாகப் பொருந்தாத வாளியில் நொதித்தல் நடந்துகொண்டிருந்தாலும் குமிழி வராது. ஆனால் மாதிரியில் கரைந்திருக்கும் வாயு, கருவியில் குமிழிகளாக ஒட்டி அதைத் தூக்கிப்பிடிக்கும். எனவே மாதிரியை இரண்டு குவளைகளுக்கிடையே தேநீர் ஆற்றுவதைப் போலப் பலமுறை ஆற்றிவிட்டு அளக்கவும். பெரும்பாலும் கருவி 20 டிகிரிக்கென அளவிடப்பட்டிருக்கும். 14 டிகிரியில் அளந்தால் ஏறத்தாழ ஒரு புள்ளி கூடுதலாகக் காட்டும். 20 டிகிரி நீரில் மிதக்கவிட்டு 1.000 காட்டுகிறதா என்றும் சரிபார்க்கவும்.

நிலக்கீழ்வாசி:

நீரில் 1.000 சரியாகக் காட்டுகிறது. நன்றாக ஆற்றி, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து அளந்தேன்: 1.021. ஆக, உண்மையிலேயே நின்றுதான் போயிருக்கிறது.

மண்டிப்படிவு:

என் பார்வையில் குற்றவாளி உங்கள் சிமெந்துத் தரை. நொதித்தல் வேகமாக நடக்கும்போது ஈஸ்ட் தானே வெப்பத்தை உண்டாக்கும். அறை 14 டிகிரியில் இருந்தாலும் வாளிக்குள் 18 டிகிரி வரை இருந்திருக்கலாம். வேகம் தணிந்ததும் அந்த வெப்பமும் தணிகிறது, தரையோ மேலும் உறிஞ்சிக்கொள்கிறது. ஈஸ்ட் களைத்துப்போகும் கட்டத்தில், அதற்கு வெப்பம் மிகவும் தேவைப்படும் அதே நாட்களில், பீர் குளிர்ந்துவிடுகிறது. ஆங்கில ஏல் ஈஸ்ட் வகைகளில் பல திரண்டு அடியில் படிவதில் கெட்டிக்காரத்தனம் உடையவை. பீர் சீக்கிரம் தெளிவதற்காக நாம் விரும்பும் அந்தக் குணமே இங்கே வினையாகிவிடுகிறது: வேலை முடிவதற்கு முன்பே படுத்துவிடுகின்றன.

வாளியைத் தரையிலிருந்து எடுத்துப் பலகை மீது வைத்து, ஒரு நாளில் மெதுவாக 20 அல்லது 21 டிகிரிக்கு உயர்த்துங்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்குவதற்காக ஓவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு வைப்போமல்லவா, அதே தந்திரம்தான். வாளி ஓவனுக்குள் போகாது என்பதால் மாடியில் ஒரு அலமாரியைத் தேடிக்கொள்ளுங்கள். பிறகு மூடியைத் திறக்காமல் வாளியைச் சாய்த்து மெல்லச் சுழற்றினால் அடியில் உள்ள மண்டி கலங்கி எழும். கரண்டி விட்டுக் கலக்க வேண்டாம். ஈஸ்ட் சேர்க்கும் நாளில் பிராணவாயு வேண்டும், ஏனெனில் கொதிக்கவைத்த வோர்ட்டில் (ஈஸ்ட் சேர்ப்பதற்கு முந்தைய மால்ட் சாற்றில்) அது ஏறக்குறைய இல்லாமல் போயிருக்கும். ஆனால் நொதித்தல் பாதி கடந்தபின் உள்ளே போகும் காற்று, சில வாரங்களில் பீருக்கு நனைந்த அட்டையின் சுவையைத்தான் கொடுக்கும்.

நான்கு நாட்கள் விட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

அளவுகோல்:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் குளிர் மட்டும்தான் காரணம் என்று இப்போதே தீர்ப்பெழுதத் தயங்குவேன். 67 டிகிரி என்று எந்தத் தெர்மோமீட்டர் சொன்னது? மால்ட்டை ஊறவைக்கும்போது 62 முதல் 65 டிகிரி வரை ஒரு நொதி சிறப்பாக வேலை செய்து, ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய மால்ட்டோஸை உண்டாக்குகிறது. 70 டிகிரியை நெருங்கினால் அது விரைவாகச் சிதைந்துபோக, மற்றொரு நொதி மட்டும் எஞ்சி, ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்களை அதிகமாக விட்டுவைக்கிறது. அப்படி நடந்திருந்தால் எவ்வளவு சூடேற்றினாலும், எத்தனை பாக்கெட் போட்டாலும் ஒப்படர்த்தி இறங்காது.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே அறியலாம். தூய்மைப்படுத்திய போத்தலில் 300 மில்லிலிட்டர் பீரை எடுத்து, அதே வகை உலர் ஈஸ்ட்டைத் தாராளமாக, ஒரு தேக்கரண்டி அளவு சேர்த்து, வாயைத் தளர்வாக மூடி 25 டிகிரி வெப்பத்தில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். இரண்டு மூன்று நாட்களில் அது எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே உங்கள் வோர்ட்டின் எல்லை. அந்த மாதிரியை அளந்தபின் கொட்டிவிடுங்கள். வாளிக்குள் திரும்ப ஊற்ற வேண்டாம்.

சீனி சேர்க்கும் யோசனையைக் கைவிடுங்கள். ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று நிறையக் குமிழியிடும், உங்களுக்கும் நம்பிக்கை பிறக்கும், ஆனால் பழைய சர்க்கரை அப்படியே கிடக்கும். உலர் ஈஸ்ட்டை நேரடியாகத் தூவுவதும் பெரும்பாலும் வீண்: ஆல்கஹால் நிறைந்த, பிராணவாயுவும் சத்தும் தீர்ந்த திரவத்தில் அது எழுந்து நிற்பதே கடினம். மண்டியைக் கலக்கிச் சூடேற்றியும் அசையவில்லை என்றால் மட்டும், ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் உலர் மால்ட் சாறு கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் புதிய ஈஸ்ட்டை வளர்த்து, நுரை பொங்கி நிற்கும் நேரத்தில் வாளியில் ஊற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட்தான் ஓட்டத்தைத் தொடரும்.

நிலக்கீழ்வாசி:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். சோதனை மாதிரி மூன்றாம் நாள் 1.015-இல் நின்றது, அதன்பின் இறங்கவில்லை. வாளியை மாடிக்கு எடுத்துச்சென்று 21 டிகிரியில் வைத்துச் சுழற்றிவிட்டேன். நான்காம் நாள் 1.018, ஏழாம் நாள் 1.015, இன்றும் 1.015.

தெர்மோமீட்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சமையலறையில் இருக்கும் முள் வகைக் கருவிதான். கொதிக்கும் நீரில் வைத்தபோது 97 காட்டியது. நான் 67 என்று நினைத்தது 70-ஆக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இனி டிஜிட்டல்தான்.

அளவுகோல்:

உருகும் பனிக்கட்டியிலும் அந்தக் கருவியை ஒருமுறை வைத்துப் பாருங்கள். கொதிநிலையில் உள்ள பிழை 67-இலும் அதே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எப்படியானாலும் ஆறு புள்ளிகளைக் குளிர் பிடித்துவைத்திருந்தது, எதிர்பார்த்த 1.013-க்கும் 1.015-க்கும் இடையிலான மீதி இரண்டு பெரும்பாலும் மால்ட்டை ஊறவைத்த வெப்பநிலையின் கணக்கு.

பழம்பீப்பாய்:

மாதிரியும் வாளியும் ஒரே எண்ணில் நிற்கின்றன, மூன்று நாட்களாக மாற்றமுமில்லை. இப்போது போத்தல்களை எடுக்கலாம். மண்டியை விட்டுவிட்டு மேலே தெளிந்திருப்பது 19 லிட்டர் இருக்குமென்றால், பிட்டருக்கு 90 முதல் 100 கிராம் சீனி போதும். 21 டிகிரிக்கு ஏறியிருந்த பீர் என்பதால் அதில் கரைந்திருக்கும் வாயு குறைவு; கணக்குப் போடும்போது நிலக்கீழ் அறையின் 14 டிகிரியை அல்ல, இந்த 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.