பிளஸ் டூ ஆங்கில வகுப்பில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியதுண்டா?

தஞ்சை வாசகி

என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ. நேற்று இரவு அவளுடைய ஆங்கிலக் கைடைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கவிதைப் பகுதிக்கு முன்னால் கட்டம் கட்டி ஒரு பத்தி அச்சாகியிருந்தது. எந்தக் கவிதை கேட்டாலும் அதையே எழுதிவிடலாமாம். கவிதையின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு, கவிஞர் பெயருக்கு ஒரு கோடு. மீதமெல்லாம் இது அருமையான கவிதை, சொற்கள் இனிமையானவை, கருத்து வாழ்க்கைக்குப் பயன்படும் என்ற போக்கில் ஏழெட்டு வாக்கியங்கள். டென்னிசனுக்கும் அதுதான், ஷேக்ஸ்பியருக்கும் அதுதான்.

சிரித்துக்கொண்டே மூடப் போனேன். பிறகு என் காலம் நினைவுக்கு வந்து, சிரிப்பு நின்றுவிட்டது. நான் 1996-இல் முடித்தவள். அப்போது ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள், 200 மதிப்பெண், மொத்தம் 1200. ஆனால் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ கட்-ஆஃப் போடும்போது ஆங்கிலம் கணக்கிலேயே வராது. ஆகவே வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பதினைந்து எஸ்ஸேயாவது மனப்பாடம் செய்திருப்பேன். ஒரே ஒரு முறை, எனக்கு இந்தக் கதையின் நாயகனைப் பிடிக்கவில்லை என்று விடையின் கடைசியில் சேர்த்தேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "உன்னைக் கேட்டார்களா?" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

உங்களில் யாராவது அந்த வகுப்பில் சொந்தமாக ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்

அந்தப் பொதுப் பத்தியை எங்கள் ஆசிரியர் வாயால் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம். கோடு வரும் இடங்களில் "டேஷ்" என்பார். நான் காதால் கேட்டே பாடம் செய்கிறவன். அரையாண்டுத் தேர்வில் "டேஷ் என்ற கவிதையை டேஷ் எழுதியிருக்கிறார்" என்று, அந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டி முழுதாக எழுதிவைத்தேன். டேஷ் எந்த நாட்டுக் கவிஞர் என்று கேட்டு 2 மதிப்பெண் போட்டிருந்தார்கள். அக்கா, சொந்தமாக எழுதியது என்றால் என் கணக்கில் அந்த ஒரு சொல்தான்.

சவுக்குத் தோப்பு

நான் கடலூர்ப் பக்கம். 2020 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதினேன். புதிய பாடப்புத்தகத்துக்கு நாங்கள்தான் முதல் ஆண்டு. மொத்தம் 600 மதிப்பெண். ஆங்கிலத்துக்கு ஒரே தாள். எழுத்துத் தேர்வு 90, பள்ளியில் போடுவது 10. முதல் ஆண்டு என்பதால் பழைய வினாத்தாள் எதுவும் இல்லை. கைடும் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. டீச்சருக்கும் புத்தகம் புதிது. எனவே சில மாதங்கள் வேறு வழியில்லாமல் பாடத்தையே படித்தோம்.

தோரு தத் எழுதிய காசுவரினா மரக் கவிதை வந்தது. காசுவரினா என்றால் ஒரு வகை மரம் என்று சொல்லிவிட்டு டீச்சர் மேலே போனார். நாங்கள் அதை ஏதோ வெளிநாட்டு மரமென்று நினைத்துக்கொண்டோம். கிறிஸ்துமஸ் மரம்தான் அது என்று என் பக்கத்தில் இருந்தவன் அடித்துச் சொன்னான். இரண்டாம் நாள் டீச்சர் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரே சத்தம்: "டீச்சர், இது சவுக்கு!" அன்று காலையில் வகுப்பில் பாதிப் பேர் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவேதான் சைக்கிள் மிதித்து வந்திருந்தோம். டீச்சர் உள்மாவட்டத்துக்காரர். அவருக்குச் சவுக்கு என்றால் கட்டடத்துக்குச் சாரம் கட்டும் கம்பு மட்டும்தான்.

அதற்குப் பிறகுதான் கவிதையில் வம்பு தொடங்கியது. அந்த மரத்தை ஒரு பெரிய கொடி மலைப்பாம்பு போலச் சுற்றிச் சுற்றி ஏறியிருக்கும். வேறு மரமாக இருந்தால் அந்தப் பிடியில் செத்தே போயிருக்கும் என்கிறார் கவிஞர். உச்சியில் ஒரு குரங்கு சிலைபோல உட்கார்ந்து சூரியன் எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சவுக்கில் அவ்வளவு பெரிய கொடியா, குரங்கு உட்கார்ந்தால் தாங்குமா என்று ஆளாளுக்குக் கேட்டோம். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் உங்கள் ஊர்ச் சவுக்கில் கொடி இல்லை என்பதை நாளைக்கு ஆங்கிலத்தில் எழுதிவாருங்கள் என்றார். எங்கள் வகுப்பில் விடை கைடில் கிடைக்காத முதல் கேள்வி அது.

இரவு பத்து மணி வரை எழுதினேன். என் அப்பா இரண்டரை ஏக்கரில் சவுக்கு போட்டிருந்தார். நாலு வருடம், மிஞ்சினால் ஐந்து வருடம். வெட்டி, டன் கணக்கில் எடை போட்டுக் காகித ஆலைக்கும் பந்தல்காரர்களுக்கும் கொடுத்துவிடுவோம். அதைத்தான் எழுதினேன்: எங்கள் ஊரில் சவுக்குக்கு வயதாவதில்லை, கொடி ஏறுவதற்குள் வெட்டிவிடுகிறோம். பிறகு தானே புயலையும் எழுதினேன். 2011 டிசம்பர் 30. நான் நான்காம் வகுப்பு. விடிந்து போய்ப் பார்த்தால் மூன்று வருடச் சவுக்கு முழுவதும் எண்ணெய் வைத்துச் சீவிய தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே இறங்கவில்லை. மொத்தம் ஒன்பது வாக்கியங்கள்.

மறுநாள் டீச்சர் படித்துவிட்டு, எந்த இணையதளத்தில் எடுத்தாய் என்று கேட்டார். அந்தச் சீப்பு வாக்கியம் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முன் பெஞ்சில் இருந்த பெண் நோட்டை எட்டிப் பார்த்து, "டீச்சர், 'கட்டட்' என்று எழுதியிருக்கிறான், இணையத்தில் யாராவது அப்படி எழுதுவார்களா?" என்றாள். 'கட்' என்பதற்கு இறந்த காலமும் 'கட்'தான் என்பது எனக்குத் தெரியாது. ஒன்பது வாக்கியத்தில் மூன்று இடத்தில் 'கட்டட்' இருந்தது. டீச்சர் சிரித்துவிட்டார். அன்று என்னைக் காப்பாற்றியது அந்தப் பிழைதான்.

அதன் பிறகு மீதிக் கவிதையை நடத்தினார். தோரு தத்தின் அண்ணனும் அக்காவும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள்; கல்கத்தா தோட்டத்தில் மூவரும் அந்த மரத்தடியில் விளையாடியவர்கள்; அவரும் 1877-இல், 21 வயதில் போய்விட்டார். மரம் அழகாக இருப்பதற்காக அல்ல, அவர்களுக்காகத்தான் அது எனக்குப் பிரியமானது என்று கவிதையிலேயே சொல்கிறார். விற்பதற்கு இல்லாத சவுக்கு ஒன்று இருந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். எவ்வளவு பருமன் இருந்ததாம் என்று கேட்டார்.

பொதுத்தேர்வில் இதையெல்லாம் எழுதினாயா என்று கேட்காதீர்கள். அதற்குள் கைடு வந்துவிட்டது. அந்தப் பத்தியைத்தான் எழுதினேன்.

கரிசல் பேரன்

தம்பி, எனக்கும் அதே புத்தகம்தான். கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையை ஆங்கிலத்தில் படித்தோம். அவருடைய இடைசெவல் எங்களுக்குப் பஸ்ஸில் போய் வரும் ஊர். ஆனால் புத்தகத்தில் வந்துவிட்டால் அந்த ஊரும் லண்டன் மாதிரிதான். அருஞ்சொற்பொருள் பார்த்து, அடிக்கோடு போட்டு, நாற்காலி எப்படி அச்சத்துக்குரிய பொருளாயிற்று என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடையும் பாடம் செய்தாயிற்று.

நான் சத்தமாகப் படிப்பவன். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னடா கதை என்று கேட்டார். வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ், மூன்று கால் உள்ள குட்டை ஸ்டூலில் உட்காரப் போய்க் கீழே விழுகிறார் என்றேன். முக்காலி என்று சொல்ல வாய் வரவில்லையா என்று பாட்டி அதட்டினார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அத்தையும் வந்து உட்கார்ந்துவிட்டார். இறந்தவரை உட்கார வைப்பதற்கு நாற்காலி கேட்டு ஆள் வரும் இடத்தில் இருவரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டு நாற்காலி அதற்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாட்டி பெயர் சொன்னார், யார் யாருக்குப் போயிற்று என்று வரிசையாக.

அந்த வரிசையை அன்றிரவு ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். பெரியப்பா, மாமா, சித்தப்பா எல்லோருமே 'அங்கிள்' ஆகிவிட்டார்கள். நான்கு சாவு எழுதியும் ஒரே அங்கிள் நான்கு முறை இறந்தது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். பிறகு நூலகத்தில் தமிழ் மூலத்தை எடுத்துப் படித்தேன். கி.ரா. 2021 மே மாதம் காலமானபோது பாட்டியிடம் சொன்னேன். அந்த முக்காலிக் கதைக்காரரா என்றார்.

தேர்வே எழுதாதவள்

நான் 2021-இல் பிளஸ் டூ. வீட்டிலிருந்து கல்வித் தொலைக்காட்சியில்தான் பாதிப் பாடம். பதினெட்டுப் பத்தி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஜூன் மாதம் தேர்வு ரத்து என்றார்கள். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணையெல்லாம் கூட்டிக் கழித்துப் போட்டுவிட்டார்கள். அந்தப் பதினெட்டும் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. துணி துவைக்கும்போது வாய் தானாகச் சொல்கிறது. யாருக்காவது வேண்டுமானால் தருகிறேன்.

ஓய்வு பெற்ற டீச்சர்

எல்லோரும் அந்தப் பொதுப் பத்தியைத் திட்டுகிறீர்கள். அதை எழுதிய பாவிகளில் நானும் ஒருத்தி. கைடுக்காரர்களுக்கு முன்பே, 2003 வாக்கில், என் வகுப்புக் கரும்பலகையில் எழுதினேன். ஏழு வாக்கியங்கள், கடினமான சொல் ஒன்றுகூடக் கிடையாது.

ஏன் எழுதினேன் என்பதையும் கேளுங்கள். தமிழ் வழி வகுப்பு. எழுபது பேருக்கு மேல். கணக்குப்பதிவியலில் 180 வாங்கும் பையன் ஆங்கிலத்தில் 70 வாங்காவிட்டால் அவன் தோல்விதான். அவன் வீட்டில் அதற்கு முன் யாரும் பிளஸ் டூ வாசலை மிதித்ததில்லை. ஒரு பாடத்தில் போனால் அம்மா வாங்கிய கடனை அடைக்க அவனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடுவார்கள். அவனிடம் போய், டென்னிசனைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. பத்தியைக் கொடுத்தேன். அவர்களில் பலர் தேறினார்கள். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

ஆனால் விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்காரும்போது வேறு மாதிரி இருக்கும். கட்டுக் கட்டாக அதே பத்தி வரும். எந்த மையத்தில் எந்தக் கைடு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பேனா தானாக ஓடும். என் கடைசி முகாமில், உலகமே நாடக மேடை என்ற ஷேக்ஸ்பியர் பகுதியில் மனிதனின் ஏழாவது பருவத்தைப் பற்றி ஒரு குழந்தை எழுதியிருந்தது. பல்லும் இல்லை, பார்வையும் இல்லை, சுவையும் இல்லை, எதுவுமே இல்லை என்று முடியுமே, அந்த இடம். பத்தியை ஒழுங்காக எழுதிவிட்டு, கீழே மூன்று வாக்கியம் தனியாக இருந்தது. இலக்கணம் நொண்டியது, பொருள் இதுதான்: என் தாத்தாவுக்கும் பல் இல்லை. ஆனால் ஆட்டுக்குட்டி எல்லாவற்றின் பெயரும் அவருக்குத் தெரியும். ஷேக்ஸ்பியர் என் தாத்தாவைப் பார்த்ததில்லை.

விடைக்குறிப்பில் இதற்கு இடமில்லை. ஐந்துக்கு மூன்று போட வேண்டிய தாள். நான்கு போட்டு முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது; உறையைப் பிரித்துப் பார்க்கவும் முடியாது.

தஞ்சை வாசகி அம்மா, உங்கள் மகள் பத்தியைப் படிக்கட்டும், தடுக்காதீர்கள். எழுதி முடித்த பிறகு கீழே இடம் இருந்தால் மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். "உன்னைக் கேட்டார்களா" என்று எழுதிய அந்த ஆசிரியர் நான் இல்லை என்று நம்புகிறேன். 1996-இல் நானும் தஞ்சைப் பக்கம்தான் வேலை பார்த்தேன்.

தஞ்சை வாசகி

நீங்கள் இல்லை டீச்சர். அவர் ஆண் ஆசிரியர்.

மகளிடம் சவுக்குக் கதையைப் படித்துக் காட்டினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறாள்.

சவுக்குத் தோப்பு

இல்லை அக்கா. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று, சவுக்கைப் போலவே. ஒன்பது வாக்கியத்தில் ஐந்துதான் நினைவிருக்கிறது. வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன், டீச்சர் திருத்தித் தரட்டும்.

ஓய்வு பெற்ற டீச்சர்

அனுப்பு தம்பி. 'கட்டட்'டை மட்டும் நான் தொட மாட்டேன்.